முத்திரையைப் பார்க்கும் காவலர்கள்



எங்கள் கிராம மருத்துவ வண்டி மாதம் ஒரு முறை கூரத்துக்குப் போய்வருவதை நீங்கள் அறிவீர்கள். சென்ற மாதம் அங்கே மருந்து கொடுத்து முடித்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நெசவாளர் வந்தார். பட்டுத்தறியில் முப்பது வருஷம் உட்கார்ந்து முதுகு சற்றே வளைந்தவர். மடிப்பு மடிப்பாக வைத்திருந்த ஒரு வழவழப்பான காகிதத்தை எங்கள் நர்ஸிடம் நீட்டினார்.

"சிஸ்டர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இதுல போட்டிருக்கறது நெசமா?"

அவருடைய மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. கீமோதெரபியும் முடிந்தது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு ஊசி, ஒரு வருஷம் வரை போட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இந்த நிலையில் யாரோ ஒருவர் மூலமாக அந்தக் காகிதம் கைக்கு வந்திருக்கிறது. நம் இரத்தத்திலேயே புற்றுநோயைக் கொல்லும் செல்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்து வெளியே வளர்த்துப் பெருக்கி மறுபடியும் உடம்பில் ஏற்றினால் பக்கவிளைவு இல்லாமல் பூரண குணம் கிடைக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. ஆறு தடவை ஏற்ற வேண்டுமாம். செலவு பல லட்சம். அவர் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றை விற்று, வீட்டையும் அடகு வைத்தால் பணம் புரட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதைவிட எங்களைத் திடுக்கிடச் செய்தது இன்னொன்று. இந்தப் புதிய சிகிச்சைக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்பதற்காக, போன வாரம் போட வேண்டிய ஊசிக்கு மனைவியை அவர் அழைத்துப் போகவில்லை.

அன்று திண்ணையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதையும், பிறகு எங்கள் டாக்டர்கள் விளக்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். இதே கேள்வியைக் கேட்டு ஆதரவாளர்கள் சிலரும் எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுவது நல்லது என்று நினைத்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காகிதத்தின் முதல் வரி பொய் அல்ல. அப்படிப்பட்ட செல்கள் நம் எல்லாருடைய இரத்தத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கு இயற்கைக் கொல்லி செல்கள் என்று பெயர். ஆங்கிலத்தில் நேச்சுரல் கில்லர் செல் என்பதைச் சுருக்கி என்.கே. செல் என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து இரத்தத்தோடு சுற்றி வருகிற வெள்ளணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அந்த லிம்போசைட்டுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை இந்தக் கொல்லி செல்கள்தாம்.

இவற்றைக் கண்டுபிடித்ததே ஒரு தொந்தரவாகத்தான் ஆரம்பித்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பல ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்குப் புற்றுநோய்ச் செல்களைக் கொண்டு தடுப்பூசி போல் போட்டு, அதற்குப் பிறகு அவற்றின் வெள்ளணுக்கள் அந்தப் புற்றுநோயைக் கொல்லக் கற்றுக்கொள்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஊசி போடாத எலிகளையும் வைத்திருப்பார்கள் அல்லவா? அந்த எலிகளின் வெள்ளணுக்களும் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றன. ஒருவரும் கற்றுக்கொடுக்காமல்! சோதனையில் ஏதோ பிழை என்று பலர் அதைத் தள்ளிவிட்டார்கள். ஸ்வீடன் நாட்டில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹன்ஸ் விக்ஸெல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவினரும் தள்ளிவிடவில்லை. இது பிழை அல்ல, இதுவரை அறியாத ஒரு புது வகைச் செல்லின் வேலை என்று 1975-இல் வெளியிட்டார்கள். பயிற்சி இல்லாமலே இயல்பாகக் கொல்வதால்தான் அந்தப் பெயர் வந்தது.

ஆனால் ஒரு பெரிய கேள்வி மீதி இருந்தது. பயிற்சி இல்லை என்றால், எதைக் கொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும்? நம் உடம்பில் கோடானுகோடி நல்ல செல்கள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இது போகிறது. ஏன் அவற்றைக் கொல்வதில்லை?

கூரத்துச் செப்பேடு

இதை விளக்க கூரத்திலேயே ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. சரித்திரம் படித்தவர்களுக்குக் கூரம் என்றதும் செப்பேடுதான் நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ அரசன் கொடுத்த தானத்தை எழுதிவைத்த செப்புத் தகடுகள் அவை. தகடுகளை ஒரு வளையத்தில் கோத்து, அந்த வளையத்தில் அரச முத்திரையைப் பொருத்தியிருந்தார்கள். முத்திரை இல்லாமல் ஒரு ஏட்டை எடுத்துக்கொண்டு வந்து, இது அரசன் கொடுத்த நிலம் என்று சொன்னால் யார் நம்புவார்?

நம் உடம்பின் செல்களும் ஒரு முத்திரையை வெளியே தாங்கி நிற்கின்றன. அதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். சிவப்பணுவைத் தவிர ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேற்புறத்திலும் இந்த முத்திரை உண்டு. இது ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருப்பது அபூர்வம். பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது.

இது வெறும் அடையாளச் சீட்டு மட்டும் அல்ல. செல்லுக்குள்ளே தயாராகிற புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இந்த முத்திரையின் பள்ளத்தில் வைத்து வெளியே காட்டுகிறது செல். உள்ளே என்ன நெய்கிறேன் பார் என்று வாசலில் மாதிரி நூலைத் தொங்கவிடுவதுபோல. டி செல் என்னும் வேறொரு வகைக் காவலர் இந்த மாதிரிகளைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார். ஒரு வைரஸ் உள்ளே புகுந்திருந்தால் அதன் துண்டும் வாசலில் தொங்கும். டி செல் அதைப் பார்த்து அந்தச் செல்லை அழித்துவிடும். இந்த டி செல்லுக்குத்தான் பயிற்சி வேண்டும். குறிப்பிட்ட திருடனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற போலீஸ்காரர் அவர்.

திருடன் என்ன செய்வான்? மாதிரி தொங்குகிற கொக்கியையே கழற்றி உள்ளே போட்டுவிடுவான். பல வைரஸ்கள் இப்படித்தான் செய்கின்றன. பல புற்றுநோய்ச் செல்களும் எச்.எல்.ஏ. முத்திரையைக் குறைத்துக்கொள்கின்றன, சில முழுவதுமாக இழந்துவிடுகின்றன. முத்திரை இல்லை, மாதிரி இல்லை. டி செல் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

அங்கேதான் என்.கே. செல் வருகிறது. அதன் கையில் திருடனின் படம் கிடையாது. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. இருந்தால் விட்டுவிடும். இல்லாவிட்டால் கொல்லும். ஸ்டாக்ஹோமில் கிளாஸ் கேர்ரே என்னும் இளம் ஆராய்ச்சியாளர் 1981-இல் தம் ஆய்வேட்டில் இந்த யோசனையை முன்வைத்தார். எல்லாரும் எதிரியின் அடையாளம் எது என்று தேடிக்கொண்டிருந்த காலத்தில், சொந்த அடையாளம் இல்லாமற்போவதுதான் குறி என்று அவர் சொன்னார். 1986-இல் அவரும் கூட்டாளிகளும் எலிகளில் அதைக் காட்டினார்கள். முத்திரை உள்ள புற்றுநோய்ச் செல்கள் எலியின் உடம்பில் வளர்ந்தன. அதே புற்றுநோயிலிருந்து முத்திரையை இழந்த செல்கள் அழிந்துபோயின. எலியின் கொல்லி செல்களை நீக்கிவிட்டால் முத்திரை இல்லாதவையும் வளர்ந்தன.

எங்கள் நர்ஸ் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த நெசவாளர் குறுக்கிட்டார். "சங்கத்து முத்திரை இல்லாத சேலையை நம்ம சொசைட்டியில எடுக்க மாட்டாங்க. அந்த மாதிரிதானே?" அதே மாதிரிதான். அவர் உடனே இன்னொன்றும் கேட்டார். "கள்ள முத்திரை குத்திக் கொண்டாந்தா?"

இந்தக் கேள்வி எங்களை வியக்கவைத்தது. ஏனென்றால் அதுவும் நடக்கிறது. சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ் உண்டு. பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கும். இது டி செல்லிடமிருந்து தப்ப உண்மையான முத்திரையை இறக்கிவிடுகிறது, பிறகு கொல்லி செல்லை ஏமாற்ற எச்.எல்.ஏ. போலவே தோன்றுகிற ஒரு போலி முத்திரையைத் தானே செய்து வெளியே காட்டுகிறது. காஞ்சிபுரத்துப் பட்டு என்ற பெயரில் விசைத்தறிச் சேலை விற்கிறவர்களுக்கு இந்த வைரஸ்தான் முன்னோடி போலும்.

ஒரு கை பிரேக்கில், ஒரு கை ஆக்ஸிலேட்டரில்

முத்திரை இல்லை என்பது மட்டும் போதாது என்று பிறகு தெரியவந்தது. சிவப்பணுவைப் பாருங்கள், அதில் இந்த முத்திரை கிடையாது. ஆனாலும் என்.கே. செல் அதைத் தொடுவதில்லை. காரணம், கொல்லச் சொல்லித் தூண்டுகிற அடையாளமும் அதில் இல்லை.

என்.கே. செல்லின் மேற்புறத்தில் இரண்டு வகையான ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு வகை முத்திரையைத் தொட்டதும் 'நில்' என்று சொல்லும். இன்னொரு வகை ஆபத்துக் குறிகளைத் தேடும். வைரஸ் தொற்றினாலோ, மரபணு கெட்டுப் புற்றாக மாறத் தொடங்கினாலோ, ஒரு செல் வேதனையில் மிகா, மிக்பி என்னும் புரதங்களை வெளியே நீட்டும். நல்ல செல்களில் இவை அநேகமாக இருப்பதில்லை. இந்தக் குறிகளைப் பிடித்ததும் 'கொல்' என்று இரண்டாம் வகை சொல்லும். எந்தச் சத்தம் பெரியதோ அதன்படி நடக்கிறது. முத்திரையும் இருந்து ஆபத்துக் குறியும் மிக அதிகமாக இருந்தால் சில சமயம் பிரேக்கையும் மீறிக் கொல்லும்.

கொல்லுவது எப்படி? குறிபார்த்த செல்லோடு என்.கே. செல் நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. அதன் உள்ளே சின்னச் சின்னப் பைகளில் விஷப் பொருள்கள் இருக்கும். அந்தப் பைகளெல்லாம் ஒட்டிய இடத்துக்கு நகர்ந்துவந்து அந்த இடைவெளியில் மட்டும் தம் சரக்கைக் கொட்டுகின்றன. பக்கத்து வீட்டுக்குச் சேதம் இல்லை. பெர்ஃபோரின் என்னும் புரதம் எதிரிச் செல்லின் தோலில் துளை போடுகிறது. அந்த வழியாக கிரான்சைம் என்னும் புரதம் உள்ளே போகிறது. அது வெடிவைத்துத் தகர்ப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாடு பிறவியிலேயே இருக்கிறது. கிரான்சைம் அந்த ஏற்பாட்டின் விசையைத் தட்டிவிடுகிறது. செல் சுருங்கி, தன் மரபணுவைத் தானே நறுக்கி, சிறு சிறு உருண்டைகளாகப் பிரிந்துவிடும். தறியிலிருந்து பாவை ஒழுங்காகப் பிரித்து எடுப்பதுபோல. குப்பையை அள்ள வேறு செல்கள் வரும். என்.கே. செல் விலகி அடுத்த வாசலுக்குப் போகிறது. ஒரே செல் அடுத்தடுத்துப் பலவற்றைக் கொல்ல வல்லது.

இந்தக் காவலர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கிறது. என்.கே. செல்களே இல்லாத ஓர் இளம்பெண்ணைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1989-இல் எழுதினார்கள். அம்மை, சைட்டோமெகலோ, ஹெர்ப்பிஸ் என்று ஒரே குடும்பத்து வைரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை உயிருக்கு ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோயின.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெர்ஃபோரின் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகப் பிறக்கிற குழந்தைகள் உண்டு. இந்தத் தொடர்பு 1999-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளின் கொல்லி செல்கள் எதிரியைப் பிடிக்கும், ஆனால் துளை போட முடியாது. கொன்று முடித்து விலகவும் முடியாமல், பிடித்தபடியே உதவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூச்சலில் வெறிகொண்ட வேறு வெள்ளணுக்கள் குழந்தையின் சொந்த இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். இறங்காத காய்ச்சல், வயிற்றில் மண்ணீரல் வீக்கம், எல்லா இரத்த அணுக்களும் குறைந்துகொண்டே போவது ஆகியவை அறிகுறிகள். டைஃபாய்டு, மலேரியா என்றெல்லாம் பார்த்து ஒன்றும் இல்லாமல் நாள் கடந்துவிடும். அபூர்வமான வியாதிதான். ஆனால் மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற நம் குடும்பங்களில், ஒரே பழுதைத் தாயும் தகப்பனும் இருவருமே சுமந்திருக்கும் வாய்ப்பு அதிகம். முதல் குழந்தை காரணம் தெரியாத காய்ச்சலில் இறந்து, இரண்டாவதுக்கும் அதே போல் வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் அதுதான். யாரையும் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. மருந்துகளால் கொந்தளிப்பை அடக்கி, பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றினால் இந்தக் குழந்தைகள் பிழைக்க வழி இருக்கிறது.

தன் செல்லை எடுத்துத் தனக்கே ஏற்றினால்?

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். இவ்வளவு திறமையான செல் என்றால், அதைப் பெருக்கி உடம்பில் ஏற்றுவது நல்ல யோசனைதானே? நல்ல யோசனைதான். ஆகவேதான் பெரிய மருத்துவர்கள் பலர் அதைச் செய்து பார்த்தார்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் குழுவினர் நோயாளியின் வெள்ளணுக்களை எடுத்து, ஐ.எல்.-2 என்னும் பொருளால் தூண்டி, திரும்ப ஏற்றி 1985-இல் முதல் பலன்களை வெளியிட்டபோது உலகெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. சிலருக்குக் கட்டி சுருங்கியது. பலருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. நன்மையில் பெரும் பகுதி ஐ.எல்.-2 மருந்தினால்தான், செல்களால் அல்ல என்று பின்னால் தெரிந்தது.

அதே நிலையம் 2011-இல் இன்னும் சுத்தமான ஒரு சோதனையை வெளியிட்டது. எட்டு நோயாளிகள். அவரவருடைய என்.கே. செல்களையே பெருமளவில் வளர்த்து ஏற்றினார்கள். ஏற்றிய செல்கள் இரத்தத்தில் ஏராளமாக, பல நாட்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் ஒருவருக்குக் கூடக் கட்டி சுருங்கவில்லை.

ஏன்? மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். அவை அந்த நோயாளியின் சொந்தச் செல்கள். புற்றுநோயும் அவருடைய சொந்தச் செல்லிலிருந்து வந்ததுதான். முத்திரையைக் கழற்றாமல் வைத்திருக்கிற புற்றுநோயிடம் போனதும் 'நில்' என்ற கட்டளைதான் கிடைக்கும். ஆளைக் கூட்டினால் மட்டும் கட்டளை மாறாது. அதோடு, ஆபத்துக் குறியான மிகாவைப் புற்றுநோய் தன் தோலிலிருந்து வெட்டி இரத்தத்தில் மிதக்கவிட்டு, தேடி வருகிற காவலரைக் குழப்பிவிடும். கட்டியைச் சுற்றிலும் கொல்லி செல்லை மந்தமாக்கும் பொருள்களையும் சுரக்கும்.

பிறருடைய செல் என்றால் கதை வேறு. இரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும்போது அண்ணன் தம்பி அக்காள் தங்கையில் ஒருவருக்கு முத்திரை முழுவதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாதவர்களுக்குப் பாதி பொருந்துகிற தாயோ தகப்பனோ கொடுக்கலாம். இத்தாலியின் பெரூஜா நகரத்து மருத்துவர்கள் இப்படிப் பாதி பொருத்தத்தில் மாற்றியவர்களைப் பார்த்து 2002-இல் ஓர் ஆச்சரியமான செய்தி தந்தார்கள். கொடுத்தவரின் கொல்லி செல்கள் தேடுகிற முத்திரை நோயாளியிடம் இல்லாதிருந்தால், ஒரு வகை இரத்தப் புற்று திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. குறை என்று நினைத்த பொருத்தமின்மையே அங்கே உதவிக்கு வந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம் பக்கத்திலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து வருகிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததே.

புதிதாக இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்படுகிறது. பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து என்.கே. செல்களை எடுத்து, குறிப்பிட்ட ஒரு புற்றை அடையாளம் காணும் ஏற்பியை அதற்குள் புகுத்தி, ஹூஸ்டன் நகரத்தில் பதினோரு பேருக்குக் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குப் பலன் தெரிந்தது, அதில் ஏழு பேருக்கு நோய் தென்படாத நிலை வந்தது என்று 2020-இல் வெளியிட்டார்கள். உற்சாகமூட்டும் செய்திதான். ஆனால் அவர்கள் அனைவரும் லிம்போமா அல்லது ஒரு வகை இரத்தப் புற்று உள்ளவர்கள். மார்பகக் கட்டிக்கு இது பொருந்தும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கொல்லி செல்லை நம் பக்கம் திருப்ப மலிவான பழைய வழி ஒன்றும் உண்டு என்பதை இங்கே இடையில் சொல்லலாம். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை நம் செங்கல்பட்டு மாவட்டம் நன்றாக அறியும். 1968-இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டுப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்த மாபெரும் சோதனை இங்கேதான் நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு அதிலிருந்து வந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் காசத்தைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். அதே பி.சி.ஜி.யைக் கனடாவில் ஆல்வரோ மொராலஸ் என்ற டாக்டர் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாகச் செலுத்தி, அங்கே மேலோட்டமாக வருகிற புற்று திரும்ப வராமல் தடுக்கலாம் என்று 1976-இல் காட்டினார். இன்றும் அது வழக்கமான சிகிச்சை. கொல்லி செல் இல்லாத எலிகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை.

அவர் தவறவிட்ட ஊசி

அன்று திண்ணையில் எங்கள் நர்ஸ் அந்த அம்மாவின் மருத்துவக் கோப்பை வாங்கிப் பார்த்தார். திசுப் பரிசோதனையில் ஹெர்-2 பாசிட்டிவ் என்று இருந்தது. மார்பகப் புற்றில் ஆறில் ஒரு பங்கு அளவில் இந்த வகை. அந்தச் செல்களின் மேற்புறத்தில் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை எழுதியிருந்த ஊசியின் பெயர் டிராஸ்டுசுமாப்.

அது என்ன மருந்து தெரியுமா? அது ஓர் ஆன்டிபாடி. ஆங்கில எழுத்து 'ஒய்' வடிவத்தில் இருக்கும். மேலே இரண்டு கைகளும் ஹெர்-2ஐப் பிடித்துக்கொண்டு, வளரச் சொல்லும் செய்தியை அடைக்கும். கீழே வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என்.கே. செல்லில் அந்த வாலைப் பிடிக்கவென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. பிடித்துவிட்டால் அதற்குக் கிடைக்கும் 'கொல்' என்ற கட்டளை மிகப் பலமானது. முத்திரை இருந்தாலும் மீறிப் போகும் அளவுக்குப் பலமானது. வாலைப் பிடிக்கும் ஏற்பிகள் இல்லாத எலிகளில் டிராஸ்டுசுமாப் பெரும்பாலும் வேலை செய்யவில்லை என்று 2000-இல் காட்டியிருக்கிறார்கள். லிம்போமாவுக்குக் கொடுக்கிற ரிடுக்ஸிமாப் ஊசியும் இதே போலத்தான். அதை ஹைதராபாதில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-இல் நம் நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது.

அதாவது, லட்சக்கணக்கில் பணம் கட்டினால் கிடைக்கும் என்று காகிதம் சொன்ன அதே கொல்லி செல்களை அந்த ஊசி ஏற்கெனவே அவர் மனைவியின் உடம்பில் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. யாரைப் பிடிக்க வேண்டும் என்று விரலால் தொட்டும் காட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவர் நிறுத்திவிட்டுத் தறியை விற்கப் பார்த்தார்.

இதைக் கேட்டதும் அவர் வெகுநேரம் பேசவில்லை. "அப்போ போன வாரம் விட்டது?" என்று மட்டும் கேட்டார். ஒரு வார அளவில் தள்ளிப்போனால் உடனே போய்ப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் முதல் தடவைபோல் கூடுதல் அளவில் தொடங்க வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் முடிவு செய்வார், நாளைக்கே போங்கள் என்று சொன்னோம். இந்த ஊசி சிலருக்கு இருதயத்தைப் பலவீனப்படுத்தும், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ பார்ப்பதையும் தவறவிடாதீர்கள் என்றும் சொன்னோம். பக்கவிளைவு இல்லாத மருந்து என்று யாராவது சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் அனுபவம்.

அந்தக் காகிதத்தைக் கொடுத்தவர்களிடம் போனில் கேட்கும்படி இரண்டே கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். முதலாவது, இது ஆராய்ச்சியா, அங்கீகாரம் பெற்ற சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்க வேண்டும். இந்தப் பதிவேடு 2007-இல் தொடங்கியது, 2009 முதல் பதிவு கட்டாயம். யாரும் இணையத்தில் பார்க்கலாம், காசு கிடையாது. இரண்டாவது, ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? நேர்மையான ஆராய்ச்சியில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளி விலை கொடுப்பதில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவூட்டினோம். காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த அண்ணா 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். தனியார் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு பஸ் டிக்கெட் செலவில் அங்கே போய் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம். ஊசியின் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்றும் மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

கொல்லி செல்லை ஊக்குவிக்கும் பொடி, லேகியம், சத்து பானம் பற்றியும் கடிதங்களில் கேட்கிறீர்கள். அப்படி ஒன்றைக் குடித்துப் புற்றுநோய் தீர்ந்ததாகக் காட்டிய ஆதாரத்தை எங்கள் டாக்டர்கள் பார்த்ததில்லை. தூக்கம் கெட்டால் இந்தச் செல்களின் வேகம் குறைகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் இராப்பகலாகத் தறியில் இருப்பவர்களிடம் இதைச் சொல்வதற்கே எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லுகிறோம்.

இந்த மாதம் கூரத்துக்குப் போனபோது அந்த வீட்டுக்கும் போயிருந்தோம். இரண்டு தறியும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்றில் அரக்குக் கரை வைத்த சேலை முந்தி வரை வந்திருந்தது. பதிவு எண் கேட்டதற்கு அப்புறம் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் பிறகு பேசவே இல்லையாம். அந்த அம்மா விட்டுப்போன ஊசியையும், அதற்கு அடுத்ததையும் போட்டுக்கொண்டுவிட்டார். இன்னும் பதினோரு ஊசி பாக்கி. எக்கோ அடுத்த வியாழக்கிழமை. அழைத்துப்போக எங்கள் வண்டி வரும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.